விட்டுக்கொடுக்காத தசை

மாலை வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் தங்கள் புதிய கைக்குச் சர்க்கரைநீர் ஏற்றினார்கள். செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில், விபத்தில் கை இழந்தவர்களுக்கு இரும்புக் கை பொருத்துவதில்லை. தொட்டியில் வளர்த்த வளர்தசைக் கைதான். பசித்தால் அது நடுங்கும்.

பொற்கொடியின் வலக்கை பசியில்லாமலே நடுங்கியது. இட்லியைப் பிட்டு எடுக்கும். பாதி வழியில் விறைத்து நின்றுவிடும். நாளை தேர்வு. ஒரு வாய் உண்ண முடியாவிட்டால் அதைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இடக்கையால் சாப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எட்டு மாதமாகக் கணவன் இளவழுதிதான் ஊட்டிவிடுகிறான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டு அத்தனை நாளாகிறது.

“தசைக்குத் தள்ளத் தெரியாதுக்கா, இழுக்கத்தான் தெரியும்,” என்றான் பயிற்றுநர் அந்தோணிசாமி. “முன்தசை இழுத்தா கை மடங்கும், பின்தசை இழுத்தா நீளும். ஒண்ணு இழுக்கறப்ப இன்னொண்ணு விட்டுக்கொடுக்கணும். உங்களுக்கு ரெண்டும் சேந்து இழுக்குது.”

“மடங்குன்னுதானே நான் நெனைக்கிறேன்? நீளுன்னு யாரு சொல்றது?”

“அதான் எனக்கும் புரியல.”

தன் மனதில் பாதி தனக்கே எதிரியோ என்று அவள் குழம்பினாள். அந்தோணிசாமி, வளர்தசைக் கைகளுக்கு உண்ணக் கற்றுக்கொடுத்த பழைய காணொளிப் பதிவைத் திறந்து பார்த்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பூமியில் பத்தாயிரம் பேர் சாப்பிட்டபோது எடுத்தது. அத்தனை பேரின் இடக்கையிலும் உள்ளங்கை அகலத்தில் ஒளிரும் ஒரு கறுப்புத் தகடு.

“என்ன தம்பி அது? அப்பளமா?”

“அப்பளத்த யாருக்கா இப்படி மொறைச்சுப் பாப்பாங்க?”

எதற்கும் இருக்கட்டும் என்று தரையிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லை அவளிடம் கொடுத்தான். அவள் அதை இடக்கையில் பிடித்துப் பார்த்தாள். அவள் நரம்புகளோடு இணைந்த வலக்கைக்கு அவள் கண் போகும் இடம் தெரியும். பதிவில் கற்றபடியே பின்தசை நெகிழ்ந்தது. இட்லி வாய்க்கு வந்துவிட்டது.

மறுநாள் அவள் சில்லைப் பார்த்தபடி உண்டு முடித்ததும், தேர்வு அதிகாரி சான்றிதழில் எழுதினார்: ‘முற்றிலும் இயல்பான மனிதக் கை.’

அன்று இளவழுதி இரண்டு தட்டு வைத்தான். எதிரே உட்கார்ந்தான். கண்ணாடிக் கூடாரத்தில் கத்தரிச்செடி முதல் பூ விட்டதைச் சொன்னான்.

“கேக்குறியா?”

“ம்.”

“கொடி, கொஞ்சம் என்னைப் பாரேன்.”

அவள் நிமிர்ந்தாள். கை பாதி வழியில் நின்றது. அவன் முகத்தைப் பார்த்தாள். விரலிடுக்கில் இருந்த சோற்றைப் பார்த்தாள்.

நல்ல பசி. மறுபடி சில்லைப் பார்க்கத் தொடங்கினாள்.