ஸெலிக்கு ஒரு அம்மா

டிசம்பர் வந்துவிட்டால் பாரிஸில் மாலை நாலு மணிக்கே விளக்கேற்றியாக வேண்டும். மதாம் ஃபிலோமென் தன் மகள் லெயோகாதியைக் கூட்டிக்கொண்டு தியேட்டரின் பின்வாசலுக்கு வந்தபோது சந்தெல்லாம் சேறும் பனியுமாகக் கிடந்தது. கையில் வழக்கமான கூடை. மகளுக்குப் போர்த்த ஒரு கம்பளிச் சால்வை, குடிக்கச் சுடச்சுட எலும்பு சூப்பு, ஊசி, நூல். பாலே நடனம் ஆடுகிற பெண்களின் அம்மாமார் எல்லாரும் இப்படித்தான் வருவார்கள். பெண்கள் மேடையில் பறப்பார்கள். இவர்கள் பக்கத்திரை ஓரம் முக்காலி போட்டு உட்கார்ந்து ஊர்வம்பு அளப்பார்கள்.

அன்று முழு அலங்காரத்தோடு கடைசி ஒத்திகை. மறுநாள் முதல் காட்சி. மலையுச்சி மோகினி வேஷம் லெயோகாதிக்கு. போன மாதம் வரைக்கும் அது ஸெலி என்ற பெண்ணுடைய வேஷம்.

ஸெலிக்குத் தாய் கிடையாது. கன்னியர் மடத்தில் வளர்ந்த அநாதை. ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து ஃபிலோமென் பக்கத்தில் ஒண்டிக்கொள்வாள். லெயோகாதிக்குப் போர்த்துகிற சால்வையில் ஒரு முனை தனக்கும் கிடைக்குமா என்று பார்ப்பாள். பட்டுச் செருப்பின் நுனி ஒரே ஆட்டத்தில் கிழிந்துபோகும். நூல் போட்டு இறுக்கித் தர வேண்டும். "மதாம், என்னோடதையும் தச்சுக் குடுங்களேன். நீங்க தச்சா விரலே வலிக்கறதில்லை" என்று கெஞ்சுவாள்.

போன மாதம் ஒரு ஒத்திகைக்கு முன்னால், அந்தச் செருப்பின் அடியில்தான் ஃபிலோமென் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக் கொடுத்தாள்.

சாகட்டும் என்று அல்ல. சத்தியமாக அல்ல. வழுக்குவாள், கணுக்கால் பிசகும், கொஞ்ச நாள் படுத்துக் கிடப்பாள், வேஷம் தன் மகளுக்கு வரும். இவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு. தரையில் ஆடுவதுதான் முதலில் என்று நினைத்திருந்தாள். அன்று பார்த்து ஆட்ட மாஸ்டர் முறையை மாற்றிவிட்டார். செருப்பை மாட்டிய கையோடு ஸெலி, மலையாகக் காட்ட மேடையில் கட்டியிருந்த மரப்பாறையின் உச்சிக்கு ஏறிப்போய் ஒற்றைக் காலில் நின்றாள். மறுகணம் அங்கே ஆளில்லை.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சவ அடக்கத்தில் ஃபிலோமென்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். அது பொய்யழுகையும் இல்லை, அதுதான் கொடுமை. இப்போது அதே பாறை மேல் தன் பெண் ஏறப்போகிறாள்.

"என்ன ஃபிலோமென், மக பெரிய ஆளாயிட்டா, உன் மூஞ்சியில சிரிப்பையே காணோம்?" என்றாள் பக்கத்து முக்காலி மதாம் குரூஷே. "எங்ககூடப் பேசினா கௌரவம் குறைஞ்சிடுமோ?"

"சும்மா இரு குரூஷே. தலைவலி."

"நாளைக்கு வர்ற பூங்கொத்தையெல்லாம் எங்க வைக்கறதுன்னு வந்த தலைவலியா இருக்கும்!"

மற்ற அம்மாமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஃபிலோமென் முக்காலியைத் தூக்கிக்கொண்டு இருட்டான கடைசிப் பக்கத்திரைக்குப் போய்விட்டாள்.

வயலின்கள் தொடங்கின. காஸ் விளக்குகள் உஸ்ஸென்று இரைந்தன. பசையும் வியர்வையும் காஸும் கலந்த வாடை. மேடையிலிருந்து காலடிகள் தப்தப்பென்று கேட்டன. அப்புறம் ஒருத்தி மூச்சிரைக்க இருட்டுக்குள் ஓடிவந்து, இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஃபிலோமென் சட்டென்று எழுந்து சால்வையைப் போர்த்தினாள். இரண்டு தோளையும் பரபரவென்று தேய்த்துவிட்டாள்.

"என்னடி இப்படிச் சில்லிட்டுக் கிடக்கு? இந்தா, குடி."

பெண் குனிந்து சூப்பை மடக் மடக்கென்று குடித்தாள்.

"மெதுவாடி."

"நல்லா இருக்கும்மா" என்றாள் ரகசியக் குரலில்.

லெயோகாதிக்கு அந்த சூப்பு ஆகவே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பாள்.

ஃபிலோமென் மேடையைப் பார்த்தாள்.

லெயோகாதி அங்கே இருந்தாள். மரப்பாறையின் உச்சியில், வெளிச்சத்தில், ஒற்றைக் காலில்.

சால்வைக்குள் இருந்த தலை மெல்லச் சாய்ந்து அவள் மார்பில் படிந்தது. ஈரமண் வாடை அடித்தது.

"ஸெலி..."

"அம்மான்னு கூப்பிடலாமில்ல மதாம்? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

ஃபிலோமெனுக்கு அழுகைதான் வந்தது. திட்டியிருந்தால், கழுத்தைப் பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"செருப்பு வழுக்குதும்மா. ஏன்னே தெரியலை. இன்னொரு தடவை தச்சுக் குடுங்களேன்."

அவளுக்குத் தெரியாது. செத்த பிறகும் இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

வயலின்களில் ராகம் மாறியது. ஸெலி தலையைத் தூக்கினாள்.

"ஐயோ, என் இடம் வந்துடுச்சு. நான் போகணும்."

"எங்கே?"

"மேலேதான்."

பாறையுச்சியில் ஒருத்தி நிற்கத்தான் இடம். பின்பக்கத்து ஏணியில் ஸெலியின் கால் ஏறியது. ஒரு படி. இன்னொரு படி. ஏணி கிரீச்சிட்டது. உச்சியில் லெயோகாதி தடுமாறி, கைகளை விரித்துச் சமாளித்தாள்.

"போகாதேடி! கீழே வா!" ஃபிலோமென் கிசுகிசுத்தாள்.

"ஏம்மா? நீங்க தச்ச செருப்புதானே? விழமாட்டேன்."

இன்னொரு படி. லெயோகாதியை யாரோ இடித்ததுபோல் அவள் உடம்பு விளிம்பின் பக்கம் சாய்ந்தது. ஃபிலோமென் இத்தனை நாள் நெஞ்சில் அடைத்து வைத்திருந்தது தொண்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"ஏறாதே ஸெலி! அந்தச் செருப்புல மெழுகு தேய்ச்சிருக்கு! நான்தான் தேய்ச்சேன்! பாவி, நான்தான்டி தேய்ச்சேன்!"

வயலின்கள் நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக, கடைசி வயலினும்.

ஏணியில் யாருமில்லை. மதாம் குரூஷே சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

லெயோகாதி படிப்படியாக இறங்கி வந்தாள். முகத்தில் பூசிய வெள்ளைமாவு கண்ணீரில் கோடு கோடாகக் கரைந்திருந்தது.

"நிஜமா அம்மா?"

"உனக்காகத்தான்டி கண்ணு..."

"எனக்காகன்னு சொல்லாதே." அவள் ஒரு எட்டு பின்னால் போனாள். "அவ உன் பக்கத்துல வந்து உக்கார்ந்தப்ப உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு? என் பின்னாடி வராதே. இனிமே நான் உன் பொண்ணு இல்லை."

போய்விட்டாள். மதாம் குரூஷே எழுந்து அவள் பின்னாலேயே போனாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லா அம்மாமாரும் முக்காலியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஃபிலோமெனை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவள் இருட்டில் தனியாக உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

முதுகில் ஒரு சில்லிட்ட கை பட்டது. மெதுவாகத் தேய்த்துவிட்டது.

"இருக்கட்டும்மா. அவ போனா போறா. நான் இருக்கேன்ல?"

தியேட்டர் பேர் கெட்டுவிடும் என்று விஷயத்தைப் போலீஸ் வரைக்கும் போகவிடாமல் அமுக்கிவிட்டார்கள். லெயோகாதி அந்த வேஷத்தை ஆடவில்லை. குரூஷே வீட்டிலேயே தங்கிவிட்டாள். துணிமணியை எடுக்கக்கூட அம்மா வீட்டுப் படி ஏறவில்லை.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒரு பகல், நாலாவது மாடியில் ஃபிலோமென் குடியிருந்த அறைக் கதவைக் கீழ்வீட்டுக்காரி வந்து தட்டினாள். நல்ல மனுஷிதான், தயங்கித் தயங்கித்தான் பேசினாள்.

"தப்பா நினைக்காதீங்க மதாம். உங்க பொண்ணு திரும்பி வந்தது எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனா நாள் பூரா தலைக்கு மேல தப்தப்புன்னு... குழந்தை தூங்க மாட்டேங்குது. கொஞ்சம் மெதுவாக் குதிக்கச் சொல்லுங்களேன்."

ஃபிலோமென் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். என் பொண்ணு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"சொல்றேன்" என்று கதவைச் சாத்தினாள்.

"யாரும்மா அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கீழ்வீட்டுக்காரங்க. ஒண்ணுமில்லைடி கண்ணு" என்றாள் ஃபிலோமென். "நீ ஆடு."