ஒரு கை பாக்கெட்டில்

காலையில் ரேடியோக் குமிழின் துளையில் அடைத்த மெழுகு, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது மேசைமேல் கிடந்தது. உருகி வழிந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டான். உருகவில்லை. பட்டாணி அளவில், முழுசாக, உள்ளேயிருந்து யாரோ தள்ளிவிட்டதைப் போல உருண்டு வந்து, ஈயக் கம்பிச் சுருளில் மோதி நின்றிருந்தது.

ஊரில் அவனுக்கு வால்வு என்று பெயர். பழைய வால்வு ரேடியோக்களுக்கு உயிர் கொடுப்பதால் வந்த பட்டம். சூடாக நேரம் பிடிக்கும் ஆள் என்பதால் வந்தது என்று மனைவி சொல்வாள். தொழிலில் அவனுக்கு ஒரே ஒரு ஒழுக்கம் உண்டு: திறந்த செட்டில் வலது கை வேலை செய்யும்போது இடது கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கும். ஒரு கை வழியாக ஏறும் கரண்ட் மறு கை வழியாக இறங்கப் பார்க்கும். போகிற வழியில்தான் இதயம் இருக்கிறது. பழக்கம் முற்றி, கல்யாணப் போட்டோவிலும் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடியே நிற்கிறான்.

மனைவி நர்ஸ். பகல் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வருவாள். வந்ததும் முதல் வேலையாக அவன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணுவாள். "இன்னைக்கும் இருக்கீங்க. பரவால்ல," என்பாள். ஆறு வருடமாக ஒரே ஜோக். இரண்டு பேருக்கும் இன்னும் சலிக்கவில்லை.

இந்த ரேடியோ செட் நேற்றுத்தான் திரும்பி வந்தது. அடுத்த தெருவில் இருந்த ரிட்டயர்டு டைப்பிஸ்டின் செட். அவர் மகன் கொண்டுவந்து வைத்தான்.

"அப்பா போயிட்டாருங்க. இது எங்களுக்கு எதுக்கு? நீங்களே வச்சுக்குங்க."

"எப்படிப்பா? நல்லாத்தானே இருந்தாரு."

"ஹார்ட் அட்டாக்னு சொன்னாங்க. ஒரு கை இந்தக் குமிழ்ல, ஒரு கை ஜன்னல் கம்பியில. பிரிச்சு எடுக்கவே முடியலைங்க. பாட்டுக் கேக்கும்போதே போயிட்டாரு. ஒரு விதத்துல கொடுத்து வச்சவரு."

வால்வு தலையாட்டினான். டிரான்ஸ்பார்மர் இல்லாத செட் அது. ப்ளக்கைத் திருப்பிச் செருகினால் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டு முழுக்கக் கரண்ட். தட்டிலிருந்து குமிழ் மாட்டியிருக்கும் தண்டுக்கு வரும். தண்டிலிருந்து, குமிழை இறுக்கிப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூவுக்கு வரும். விரல் அதில் படக்கூடாது என்றுதான் அந்தத் துளையை மெழுகால் அடைப்பது. போன மாதம் பழுது பார்த்து செட்டைக் கொடுத்த அன்று மெழுகு டப்பா காலி. டைப்பிஸ்டுக்கோ ஏழு மணிச் செய்தி தவறக்கூடாது. "கொண்டு போங்க சார், நாளைக்கு வந்து அடைச்சுத் தரேன்," என்றிருந்தான்.

அந்த நாளை வரவேயில்லை. இது அவனுக்கு மட்டும்தான் தெரியும். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆகவேதான் காலையில் அடைத்தான். செத்தவர் வாயில் மருந்து ஊற்றுகிற வேலைதான் என்று அவனுக்கே பட்டது. இருந்தும் கை கேட்கவில்லை. இப்போது மறுபடி உருக்கி, துளையை அடைத்து, குமிழின் முகத்தின்மேல் ஒரு காசு அளவுக்குப் பரப்பி, ஸ்பூனின் முதுகால் அழுத்தினான். வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னல் வழியாக வந்த ஈரக் காற்றில், சோல்டர் புகைக்கும் பழைய அட்டைக்கும் அடியில் வேறொரு வாடை இருந்தது. நகம் பொசுங்கும் வாடை. சோல்டர் அயர்னைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது.

ப்ளக் அவன் கண் முன்னால் மேசைமேல் கிடந்தது. இரண்டு பின்னும் தெரிந்தன. ஆனாலும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டால் மட்டும் போதாது, கண்டென்சர் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். செட்டின் பின்னட்டையைக் கழற்றி, இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, வலது கையால் அதை வடித்தான். மீட்டர் பூஜ்யம் காட்டியது. பிறகு இருபது வோல்ட். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மாமியார் மனசில் பழைய பேச்சு போல, எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் மேலே வரும். மறுபடி வடித்தான். தொண்ணூறு. மறுபடி. வீட்டுக் கரண்டின் அளவான இருநூற்று முப்பதில் போய் முள் நின்றது.

மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தான். நல்ல முடிவு. அதை நம்புவதற்குள், டக்கென்று மெழுகு விழுந்தது.

காசு மாதிரியே, உடையாமல் விழுந்திருந்தது. எடுத்துத் திருப்பினான். குமிழோடு ஒட்டியிருந்த பக்கத்தில் ஒரு விரல் ரேகை. சுழி சுழியாக, தெளிவாக. சுழியின் நடுவில் கடுகு அளவில் கருகிய புள்ளி.

அவன் அந்தப் பக்கத்தைத் தொடவேயில்லை.

மணி மூன்று இருபத்தைந்து. அவள் வருவதற்குள் இது வீட்டில் இருக்கக்கூடாது. கொல்லையில் வைத்துவிடலாம். மழையில் நனையட்டும். கனமான செட், தூக்க இரண்டு கையும் வேண்டும்.

க்ளிக்.

குமிழ் தானாகத் திரும்பியது. உள்ளே மெல்லிய உறுமல். டயலுக்குப் பின்னால், தீக்குச்சி அணையப் போகும் நேரத்துச் சிவப்பு. பதறிப்போய் அணைக்கக் கை நீட்டினான். ப்ளக்கே இல்லாத செட்டை அணைக்கப் போனவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

விரல் ஸ்க்ரூவில் பட்டது.

கரண்ட் தூக்கி எறியவில்லை. பிடித்துக்கொண்டது. முழங்கை வரை எறும்பு ஊர்ந்தது. பரவாயில்லை. ஒரு கைதான். மறு கை பாக்கெட்டில் இருக்கிறது. இருக்கிறதல்லவா. இருக்கிறது.

பாக்கெட்டுக்குள் அவன் விரல்களுக்கு இடையில் இன்னொரு கையின் விரல்கள் நுழைந்தன.

குளிர்ந்த விரல்கள். வற்றிப்போன விரல்கள். டைப் அடித்துத் தட்டையான நுனிகள். ஒன்றின் நுனியில் கடுகு போலக் கெட்டியாக ஒரு புள்ளி. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, மடங்கி இறுகின.

வெளியே ஸ்கூட்டர் நிற்கும் சத்தம்.

"குடையத் தூக்கிட்டுப் போனது நான். நனைஞ்சு வந்ததும் நான்," என்றபடி கதவைத் திறந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். சிமென்ட் தரையில் ஈரப் பாதங்கள் சளக் சளக் என்று வந்தன. "என்னங்க, இன்னும் அதையே நோண்டிக்கிட்டு இருக்கீங்களா?"

தொடாதே.

தாடை அசையவில்லை. நாக்கு அசையவில்லை. கண் மட்டும் அசைந்தது. டயல் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அவன் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு தோள். அதன் ஒரு கை அவன் பாக்கெட்டுக்குள். மறு கை ஜன்னல் கம்பியை எட்டிப் பிடிக்க, மெதுவாக நீண்டுகொண்டிருந்தது.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க? வாயில மெழுகா?"

சிரித்தபடி வந்தாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையை எடுக்காமலே அவன் மணிக்கட்டை நோக்கி இரண்டு விரலை நீட்டினாள். விரல் நுனியில் ஒரு மழைத்துளி. அவள் நெருங்க நெருங்க டயல் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு ஏறி, அந்தத் துளிக்குள்ளும் எரிந்தது.