கடைசி வெப்பமானி

அடியில் வந்த குளிர்நீர் திரும்பிப் போகவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

மேலே கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடக்க, அடியிலே குளிர்நீர் குன்றுபோல் எழுந்து, ஓசையே இல்லாமல் கரையை நோக்கி நகரும். கடலேற்றம் வற்றமாக, ஓதம் மாறினால் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த அலை எவ்வளவு சக்தியைச் சுமந்து வருகிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. அதற்காகப் படகிலிருந்து கடலடி வரை ஒரு வடத்தில் வெப்பமானிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இன்று வந்த சக்தியெல்லாம் இந்த வடத்தருகே, எதுவோ குடித்துவிட்டாற்போல், நின்றுபோயிருந்தது.

"கருவி கெட்டிருக்கும்க்கா. உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்தான்," என்று சிரித்துக்கொண்டே தம்பி குதித்தான். முக்குளிப்பவன், வாய் ஓயாதவன். அம்மா போனபிறகு அவளுக்கென்று மிஞ்சிய ஒரே உறவு.

அடியைத் தொட்டதும் கடைசி வெப்பமானியை வெறுங்கையால் இறுக்கிப் பிடிப்பான். படகுத் திரையில் எண் ஏறும். 'இருக்கேன்' என்று அர்த்தம். இடுப்புக் கயிற்றை இரண்டு முறை சுண்டினால் 'தூக்கு'. இருவருக்குள்ளும் வைத்துக்கொண்ட பழக்கம்.

பதினெட்டாக இருந்த எண் முப்பதுக்கு ஏறியது. அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

அந்த மூச்சு முடியுமுன் ஏணியில் தண்ணீர் சொட்டியது. தம்பி ஏறிவந்தான். இடுப்பில் கயிறில்லை.

"அதுக்குள்ளயா? கயிறு எங்கடா?"

"சிக்கிக்கிச்சு. கழட்டிட்டேன்."

வேறு பேச்சில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பழைய சேற்று வாடை. அவன் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. உடம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் நிற்கவேயில்லை.

திரையைப் பார்த்தாள். முப்பது. இன்னும் முப்பது.

அப்படியானால் கீழே பிடித்திருப்பது யார்?

கயிறு சுண்டியது. ஒருமுறை. மறுமுறை.

பாய்ந்து பிடித்தாள். இழுத்தாள். அவள் கைமேல் ஒரு கை விழுந்தது. அடிக்கடலின் குளிர். அந்தக் குளிர் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அலைதான்க்கா இழுக்குது. விடு."

"ஐயோ, என் தம்பிடா அவன்!"

அந்தக் கை அவளை அசையவிடவில்லை. கயிறு துடித்தது. திரையில் இருபத்தேழு. இருபத்திரண்டு. பத்தொன்பது.

பதினெட்டு.

கயிறு தொய்ந்தது. அவள் கைமேல் இருந்த கை மெல்லச் சூடேறத் தொடங்கியது.