இரண்டே டிக்கெட்

“என் கம்பளிக் கோட்டை ஏன் பெட்டியில வச்ச? வெளிய எடு!”

காலையில் கண் விழித்ததும் கணவன் பேசிய முதல் பேச்சு இதுதான். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். அவன் பிறந்த நாட்டுக்கே குடும்பத்தோடு குடிபோக இன்னும் ஒன்பதே நாள். பதினெட்டு வருடம் வாழ்ந்த வீட்டை ஒண்டி ஆளாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்றது.

“உங்க ஊர்ல குளிரும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எல்லாத்துலயும் மூக்கை நுழைக்காதே!”

முந்தாநாள் ஷூவை எடுத்தான். நேற்று ஷேவிங் சாமான்... அவன் பொருள் ஒன்றுகூடப் பெட்டியில் தங்கவில்லை. ஊருக்குப் போகிற மனுஷன் இப்படியா இருப்பான்? கேட்டால் எரிந்து விழுவான்.

அவளுக்கென்ன போக ஆசையா? மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. அவள் கை பட்டால் கண்ணாடி கச்சிதமாக உட்காரும் என்று முதலாளியே சொல்வார். அந்த வேலையை இன்றோடு விடப்போகிறாள். எல்லாம் மாமனாருக்காக! “பொறந்த மண்ணுக்குப் போகணும்னு அப்பா தினம் என்கிட்ட அழறாரு” என்று கணவன் சொன்ன அன்றே தலையாட்டிவிட்டாள். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து, பதினோரு வருடமாக அவள் கையால் சாப்பிடுகிறவர். அவர் ஆசைக்குக் குறுக்கே நிற்க மனசு வருமா?

கடையில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் ஃப்ரேம், லென்ஸ், பவர் எழுதிய சீட்டு. கடைசி நாள்தானே என்று அவள் மெத்தனமாக இருந்துவிடவில்லை. பதினான்காவது தட்டை இழுத்தாள். சீட்டில் கணவன் பெயர்!

அட, சொல்லவே இல்லையே இந்த மனுஷன் என்று சிரிப்பு வந்தது. இன்னொரு கிளையில் கொடுத்த ஆர்டர். ‘ஊழியர் குடும்பச் சலுகை’ என்று வேறு குறித்திருந்தது. இரண்டு கிளைகளுக்கும் லென்ஸ் அறுப்பது இவள் மேசையில்தான். அது அவனுக்கு எப்படித் தெரியும்? பெண்டாட்டி அங்கே என்ன செய்கிறாள் என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால்தானே!

கீழே தேதியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ‘அடுத்த மாதம் இருபதாம் தேதி நேரில் வந்து வாங்குவார்.’ முகவரி... அவன் கம்பெனி குவார்ட்டர்ஸ்.

தப்பாக எழுதியிருப்பார்கள் என்று அந்தக் கிளைக்குப் போன் போட்டாள். எடுத்தது கவுன்ட்டர் பெண்.

“ஆமாக்கா, அண்ணன்தான் வந்தாரு. இங்கயே இன்னும் மூணு வருஷத்துக்கு கான்ட்ராக்ட் போட்டாச்சாமே! நீங்க உங்க மாமாவைக் கூட்டிட்டுப் போனதும் குவார்ட்டர்ஸ்ல தங்கிக்குவேன்னாரு... அக்கா? லைன்ல இருக்கீங்களா?”

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“டிக்கெட்டைக் காட்டுங்க.”

“இப்ப எதுக்கு அது?”

அவன் பையை அவளே திறந்தாள். இரண்டே டிக்கெட். ஒன்று மாமனாருக்கு, ஒன்று அவளுக்கு. அடியில் ஒரு குவார்ட்டர்ஸ் சாவி.

“ஐயோ... பையில குவார்ட்டர்ஸ் சாவி! என்னை ஊருக்கு அனுப்பிட்டு நீங்க இங்க இருக்கத்தான் இவ்வளவு நாடகமா?”

“கத்தாதே! அப்பாவைக் கூட்டிட்டு வாங்கன்னு ஊர்ல இருக்கற என் தங்கச்சி உயிரை எடுக்கறா. ஆனா அவளுக்கு ஆபீஸ் இருக்கு, தனியாப் பாத்துக்க முடியாது. நீ கூட இருந்தா...”

“அவளுக்கு ஆபீஸ் இருக்கு. எனக்கு வேலை இல்லையா? இன்னிக்குத்தானே அதையும் தலைமுழுகிட்டு வந்தேன்!”

“சொன்னா நீ ஒத்துக்குவியா?”

“ஒத்துக்கிட்டிருப்பேன்! அதுதாங்க வயிறு எரியுது... வாயைத் திறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. ஏன் திருடுனீங்க?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “இந்த மருந்து வாடையிலயே பதினோரு வருஷம் போச்சு. மூணு வருஷம் நிம்மதியா இருக்க நினைச்சது தப்பா?”

“அந்த வாடையில நீங்க எங்க இருந்தீங்க? நான்ல இருந்தேன்!”

உள்ளறையில் மாமனார் இருமுவது கேட்டது. அப்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அவருக்கும் இது தெரிந்திருக்குமோ! கட்டிலருகே போய் நின்றாள். அழுகை வந்தது.

“மாமா... நீங்களுமா? என்னைப் பெத்த பொண்ணு மாதிரின்னு சொல்லிச் சொல்லியே... ஊருக்குப் போகணும்னு அழுதது இதுக்குத்தானா?”

“நானா அழுதேன்?” கிழவர் விழித்தார். “கால் வலிச்சாக்கூட உன்னைத் திட்டுவேனே ஒழிய என்னிக்காவது அழுதிருக்கேனா? நீதான் எங்க ஊரைப் பாக்க ஆசைப்படறே, வாய்விட்டுக் கேக்க மாட்டே, நீங்க சரின்னு சொல்லுங்கன்னு இவன் சொன்னான்மா!”

“நானா மாமா ஆசைப்பட்டேன்?”

“அப்போ இல்லையா? அடப்பாவி! பொண்ணைத் தவிர எனக்கு அங்க யார் இருக்கா? இந்த உடம்பை வச்சுக்கிட்டு விமானத்துல பறக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? இத்தனை வருஷத்துல நீ உனக்குன்னு ஒண்ணுமே கேட்டதில்லை. இந்த ஒண்ணையாவது கெடுக்கக் கூடாதுன்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தலையாட்டினேன்!”

அவள் அப்படியே கட்டிலில் சரிந்து அவர் தோளில் முகம் புதைத்தாள். தூக்க முடிந்த ஒற்றைக் கையால் அவர் அவளை அணைத்துக்கொண்டார். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். இவருக்காக அவள், அவளுக்காக இவர்... நடுவில் ஒருத்தன் இரண்டு பேரையும் விற்கப் பார்த்தானே!

“அப்பா... என்னை மன்னிச்சிடுங்க” என்று வாசற்படியில் நின்று அவன் முனகினான்.

“என்னை அப்பான்னு கூப்பிடாதே” என்றார் கிழவர். “இனிமே இவதான் நான் பெத்த பொண்ணு. நீ இந்த வீட்டு மருமகன். மருமகனா லட்சணமா நடந்துக்கிறதுன்னா உள்ளே வா. இல்லைன்னா குவார்ட்டர்ஸ் சாவி உன் பையிலதானே இருக்கு!”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டாள். “நான் எங்கயும் போகலை சார். திங்கட்கிழமை வேலைக்கு வரேன்.” பிறகு கணவனைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

“மன்னிப்பெல்லாம் அப்புறம் பேசலாம். மாமா இன்னும் குளிக்கலை. போய் வெந்நீர் போடுங்க.”

அவன் தயங்கித் தயங்கிச் சமையலறைப் பக்கம் போனான். சற்று நேரத்தில் அங்கிருந்தே குரல் வந்தது.

“அப்பாவுக்கு எவ்வளவு சூடு வேணும்?”

“பதினோரு வருஷமா நான் கேட்டது அவர்கிட்டதான்” என்றாள் அவள். “நீங்களும் வந்து அவர்கிட்டயே கேளுங்க.”