சொருகக் கூடாத டிஸ்க்

நோயாளிகள் பட்டியலில் முதல் பெயருக்கு ஒரு வால் முளைத்திருந்தது: 'பூட்டப்பட்டது.' பெரியவள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். இப்போது இரண்டாவது பெயருக்கும்.

அந்தக் குடும்ப ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேஜை மூத்த மருமகளுக்கு, கம்ப்யூட்டர் இளைய மருமகளுக்கு. "சின்னவ கைபட்டா கல்லும் பேசும்" என்று மாமனார் மெச்சும்போதெல்லாம் பெரியவளுக்கு வயிறு எரியும். காலையில் ஓரகத்தியின் பெயருக்குப் 'பாராட்டுக் கடிதம்' என்று மெயில் வந்தபோது, அப்படி என்னதான் கிழித்துவிட்டாள் என்று திறந்து பார்க்க வைத்ததும் அந்த எரிச்சல்தான். உள்ளே வெறும் வெள்ளை.

ஏசியின் முனகல், ஜெல்லின் சில்லிட்ட வாடை, உள்ளறையில் மகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரல், எல்லாவற்றுக்கும் அடியில், அந்த மெயிலைத் திறந்ததிலிருந்தே கம்ப்யூட்டர் எதையோ மென்று தின்பதுபோல் கறகறத்தது.

"ஐயா, உங்க பேரு?" காத்திருந்த தாடிக்காரரைக் கேட்டாள்.

"பேரா... இப்பவரைக்கும் இருந்துச்சேம்மா." திறந்த வாய் மூடவில்லை.

சாப்பிடப் போயிருந்த சின்னவளுக்குப் போன் செய்து, பெயர்கள் பூட்டிக்கொள்வதைச் சொன்னாள்.

"அக்கா, உடனே நெட் வயரைப் பிடுங்குங்க. அலமாரி டிஸ்க்கை மட்டும் சொருகிடாதீங்க, அதையும் பூட்டிடும். பத்து வருஷ ஸ்கேனுக்கு அது ஒண்ணுதான் நகல். நான் வந்து பார்த்துக்கறேன்."

வந்து பார்த்துக்கொள்வாளாம்! வருவாள், சரிசெய்வாள், மாலையும் வாங்கிக்கொள்வாள். நகலிலிருந்து எடுத்துப் போட எனக்குத் தெரியாதா?

வயரைப் பிடுங்கவில்லை. டிஸ்க்கைச் சொருகினாள்.

சிவப்பு விளக்கு துடித்தது. டிஸ்க்கிலிருந்த பெயர்களுக்கும் வால். ஆண்டு ஆண்டாக. மேலிருந்து கீழாக.

எட்டு வருடத்துக்கு முந்தைய வரிசை. அவள் பெயர். அவள் வயிற்றில் மகள் சுருண்டிருந்த முதல் படம். சின்னவளுக்கு வாய்க்காத ஒரே சொத்து.

டிஸ்க்கைப் பிடுங்கினாள். கைக்குள்ளும் விளக்கு துடித்தது.

பூட்டப்பட்டது.

"ஆறெட்டு..." உள்ளே குரல் நின்றது.

மகள் வாசலுக்கு வந்தாள். பெரியவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு நீங்க?"

தெருக்கதவு திறந்தது. சின்னவள். குழந்தை பாய்ந்தோடி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"அம்மா!"

"என்னடி கண்ணு?" சின்னவள் குனிந்து முத்தமிட்டாள். பிறகு நிமிர்ந்து, எல்லோரிடமும் சிரிக்கும் அதே சிரிப்போடு கேட்டாள்: "ஸ்கேனுக்கா வந்தீங்க? உங்க பேரு என்னம்மா?"

பெரியவள் வாயைத் திறந்தாள்.

திறந்தபடியே நின்றது.