பின்னால் பார்க்காத கேமரா

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது நல்ல வெயில். மழை இல்லை, மின்னல் இல்லை, ஒரு நாய்கூட ஊளையிடவில்லை. சாமான் வண்டி பாலத்தடி வழியாக வந்து வாசலில் நின்றது. அந்தத் தெருவுக்கு வர வேறு வழியே கிடையாது. மாடி எங்களுக்கு, கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். அவருடைய போர்ட்டிகோவில் சாம்பல் நிற உறை போர்த்திய கார் ஒன்று நின்றது. உறையின் மேல் காய்ந்த இலைகளும் பறவை எச்சமும் படிந்து கிடந்தன.

"பையன் வண்டிம்மா. அவன் வேற ஊர்ல வேலையா இருக்கான். யாரும் எடுக்கறதில்ல," என்றார், நான் கேட்காமலேயே.

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிறந்த வீட்டில் எனக்குச் சந்தேகப்பிராணி என்று பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆணியில் வெள்ளை ஹெல்மெட் தொங்கியது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுவது. உச்சியில் கேமரா மாட்டுவதற்கான கறுப்புக் கொக்கி ஒட்டியிருந்தது.

"முன்னாடி குடியிருந்தவரோடது. தூக்கிப் போட்டுடுங்க," என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போது அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

என் கணவர் தூக்கிப் போடவில்லை. எடுத்துத் தலையில் வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. "கேமரா வைக்க இடம்கூட இருக்கு பாரேன்!" என்று குழந்தைபோல் சிரித்தார். எனக்கு மட்டும் அதிலிருந்து ஆஸ்பத்திரி மருந்து வாடை வந்தது.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. போக வர சைக்கிள்தான். உரசிக்கொண்டு போகிற கார், பார்க்காமல் திறக்கிற கதவு, ஓட்டும்போதே போனில் பேசுகிறவர்கள், எல்லாரையும் தலையில் இருக்கும் கேமராவில் பிடிப்பார். அடுத்த சிக்னலில் துரத்திப்போய் கண்ணாடியைத் தட்டி, "சார், எல்லாம் ரெக்கார்ட் ஆயிருக்கு," என்பார். வம்பை விலைக்கு வாங்குவது என்பார்களே, இவர் தவணை முறையில் வாங்கினார். ஒருமுறை நாலைந்து சைக்கிள்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு காரை மறித்தபோது, ஓட்டியவன் இறங்கிவந்து சட்டையைப் பிடித்துவிட்டான். அதற்கப்புறம்தான் என்னிடம் சத்தியம் செய்தார்: கூட்டம் சேர்த்துக்கொண்டு யாரையும் மறிக்க மாட்டேன், தனியாகத்தான் போவேன்.

இப்படிக் கேமரா மாட்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. படம் கலங்கிப்போனாலும் சத்தம் இருக்கட்டும் என்று, வண்டியின் நம்பரை உரக்கப் படித்துவிடுவார்கள். வீட்டில் தூங்கும்போதுகூட என் கணவர் நம்பர் படிப்பார்.

எனக்கு வேலை காதுதான். காது கேளாதவர்களுக்காகப் பள்ளிப் பாட வீடியோக்களைக் கேட்டு, பேச்சை எழுத்தாக அடித்துக் கொடுக்கிறேன். பகலெல்லாம் ஹெட்போன். சாயங்காலம் அவருடைய வீடியோக்களை நான்தான் வெட்டிச் சரிசெய்வேன். உதவி என்று அவர் நினைத்தார். உண்மையில் நான் காவல் காத்தேன். அவர் முழுசாக வீடு திரும்பவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

புது வீட்டுக்கு வந்தபின், அந்த வெள்ளை ஹெல்மெட்டில் கேமராவை மாட்டி எடுத்த முதல் வீடியோவிலேயே அந்தக் குரல் இருந்தது.

சிக்னல். போனும் கையுமாக ஓர் ஆள். என் கணவர் நம்பரைப் படிக்கிறார். அதற்கு அடியில், மெல்ல, களைத்துப்போன இன்னொரு ஆண்குரல் அதே நம்பரைப் படித்தது. கொஞ்சம் இடைவெளி.

"இது இல்ல."

சரி, சத்தியம் காற்றில் பறந்துவிட்டது, எவனையோ கூட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். சாப்பிடும்போது கேட்டேன்.

"இன்னிக்கு யாரு உங்ககூட வந்தது?"

"எங்க?"

"சைக்கிள்ல."

"யாரும் வரலியே. தனியாத்தான் போறேன். சாப்பிட விடும்மா."

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். எல்லா வீடியோவிலும் அந்தக் குரல் இருந்தது. எல்லா நம்பருக்கும் அதே பதில். இது இல்ல. இது இல்ல. இன்னொன்றும் கண்ணில் பட்டது. கண்ணாடியை இறக்குகிற ஓட்டுனர்கள் முதலில் முறைப்பார்கள். வாயைத் திறப்பார்கள். அப்புறம் அவர்கள் பார்வை என் கணவரின் தோளுக்கு மேலே நகரும். முகத்தில் ஈயாடாது. அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள்.

இரும்புத்தடியோடு குதித்து இறங்கிய லாரிக்காரர் ஒருவர், பாதியில் நின்று தடியைக் கீழே போட்டார். "தப்புதாங்க. உங்க பின்னாடி நிக்கறவரையும் போகச் சொல்லுங்க," என்றார்.

என் கணவருக்கு அன்றெல்லாம் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, அதட்டிப் பேசினா எவனும் அடங்கிடுவான்!"

ஹெட்போனை அவர் காதில் மாட்டி எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். கேட்டார். மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நல்லாப் பண்ணியிருக்க."

"என்னது?"

"இந்தக் குரல். சைக்கிளை நிறுத்தச் சொல்லி நீயும் எவ்வளவோ பாத்த. நடக்கல. அதனால இதைச் சேத்துட்ட. சத்தம் வெட்டி ஒட்டறதுதானே உன் வேலை?"

காலமெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்டவள் நான். என்னையே ஒருவர் சந்தேகப்படுவது இவ்வளவு வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குப்பின் எங்களுக்குள் பேச்சு, "கதவைச் சாத்து", "விளக்கை அணை" என்ற அளவோடு நின்றது. வீடியோக்களை மட்டும் நான் விடவில்லை.

அப்படித்தான் அதையும் பார்த்தேன்.

பாலத்தடி. பெரிய லாரி ஒன்று வேகமாகப் போகிறது. சைக்கிள் அதன் பக்கவாட்டில் ஓடுகிறது. நம்பர் புழுதி மூடியிருக்கிறது.

"இன்னும் கிட்ட," என்றது குரல்.

சைக்கிள் நெருங்கியது.

"இன்னும் கிட்ட."

சக்கரத்தின் திருகாணிகள் திரை முழுக்கச் சுழன்றன. காற்றின் இரைச்சலில் ஹேண்டில்பார் எதிலோ உரசும் சத்தம். அப்புறம் களைத்த மூச்சு.

"இது இல்ல."

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். ஓடிப்போய்க் கேட்டேன். "எந்த லாரி? இன்னிக்கு லாரியே வரலியே," என்றார். பொய் சொல்லும்போது அவருக்குக் காது சிவக்கும். அன்று சிவக்கவில்லை.

மறுநாள் அவருக்கு விடுமுறை. அவர் குளித்துக்கொண்டிருந்தபோது ஹெல்மெட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெரிய தெருவிலிருந்த சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டார்.

"இது எப்படிம்மா உங்ககிட்ட?"

"வீட்டுல இருந்துச்சு. யாரோடது?"

"அந்தக் கொக்கியை ஒட்டினதே நான்தான்." அவர் அதைத் தொடவில்லை. "நல்ல மனுஷன். உங்க வீட்டுக்காரர் மாதிரியேதான், ஒரு வண்டியை விடமாட்டாரு. பாலத்தடியில ஏதோ வண்டி அடிச்சுட்டு நிக்காம போயிடுச்சு. பின்னாலருந்து வந்து அடிச்சிருக்கு. கேமரா முன்னாடி மட்டும்தானே பாக்கும்? ஊர்ல இருக்கறவன் நம்பரையெல்லாம் படிச்சவரு, தன்னை அடிச்ச வண்டி நம்பரைப் பாக்கல. ஆஸ்பத்திரியில கடைசிவரைக்கும் அதையேதான் கேட்டுட்டு இருந்தாராம். நம்பரைப் பாத்தீங்களா, நம்பரைப் பாத்தீங்களான்னு, வர்ற நர்ஸ்கிட்டயெல்லாம்."

"இதை இங்கயே வெச்சுக்கறீங்களா?"

"வேணாம்மா. எடுத்துட்டுப் போயிடுங்க."

திரும்பி வந்தபோது என் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்." கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போய்விட்டார். மாடியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே வீட்டுக்காரர் காரின் உறையை உருவிக்கொண்டிருந்தார். குடிவந்ததிலிருந்து நான் பார்க்காத காட்சி. யாரோ வாங்க வருகிறார்களாம். குழாயை நீட்டித் தண்ணீர் அடித்தார். முன்பக்கம் ஒரு விளக்கு மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தது.

அப்போது கேட் திறந்தது.

என் கணவர் சைக்கிளில் இருந்து இறங்கவில்லை. காரைப் பார்த்தபடி ஒரு காலை ஊன்றி நின்றார். வழக்கம்போல நம்பரை உரக்கப் படித்தார்.

அடுத்து இன்னொரு குரல் படித்தது. இப்போது என் காதில் ஹெட்போன் இல்லை. பட்டப்பகல். மாடிவரை தெளிவாகக் கேட்டது. மருந்து வாடை குப்பென்று அடித்தது.

"இது இல்ல" என்பதற்காகக் காத்திருந்தேன்.

"இதுதான்."

வீட்டுக்காரர் கையிலிருந்து குழாய் நழுவியது. அவர் என் கணவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தார். நான் மாடியிலிருந்து பார்த்தவரை அங்கே திறந்து கிடந்த கேட் மட்டும்தான்.

"வண்டி எங்களோடதுதான்ப்பா," என்றார். "ஓட்டினது நான் இல்ல."

"யாரு?" என்றது அந்தக் குரல்.

கிழவர் கைகூப்பினார். "என்னை என்ன வேணா பண்ணிக்க. அதை மட்டும் கேக்காத."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். குழாய்த் தண்ணீர் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்ன அப்படிப் பாக்கற? டீ போடு," என்றார்.

அன்றே ஹெல்மெட்டைச் சுத்தியலால் அடித்து நொறுக்கித் தெருமுனைத் தொட்டியில் போட்டேன். சைக்கிளைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனார். என் கணவர் எதற்கும் தடை சொல்லவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. போலீஸிடம் கொடுக்கலாம் என்று வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்றில்கூட அந்தக் குரல் இல்லை. என் கணவர் படிக்கிறார், அப்புறம் வண்டிச் சத்தம், அவ்வளவுதான். எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது? கிழவர் படுத்த படுக்கையாகி, வீட்டுச் சாவியை என்னிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் வேறு வீடு பார்த்து மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

விட்டது சனி என்றுதான் நம்பினேன். என் கணவரும் நானும் பழையபடி சிரித்துப் பேசிக்கொண்டோம். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.

ஒருநாள் இருவரும் பஸ்ஸில் போனோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிற ஆண்களை அவர் உற்றுப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் உதடு லேசாக அசைந்தது. தோளில் சாய்வதுபோல் காதைக் கொண்டுபோனேன்.

"இவன் இல்ல."

அது அவர் குரல் இல்லை.

"இவன் இல்ல. இவன் இல்ல."

நான் நிமிர்ந்ததும், "தூக்கம் வருதா? சாஞ்சுக்கோ," என்றார், அவருடைய சொந்தக் குரலில், அவ்வளவு அன்பாக.

வீடு மாற்றுகிற நாள் காலை, வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடி போட்ட, அமைதியான முகம்கொண்ட ஒருவர் இறங்கி மாடிப்படி ஏறி வந்தார். பாதிப் படியில் நின்று வணக்கம் சொன்னார்.

"நான் கீழ் வீட்டு ஐயாவோட பையன். அப்பா என்னை இங்க வர வேணாம்னுதான் சொன்னாரு, ஆனா அவருக்கு மாத்துத்துணி எடுக்கணும். சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

எனக்குப் பின்னால் என் கணவர் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். அவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உதடு அசையுமா என்று பார்த்தேன். சொல்லுங்க. ஒரே ஒருதடவை, எந்தக் குரலிலாவது, இவன் இல்லை என்று சொல்லிவிடுங்க. வாழ்க்கையில் எதையும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

அவர் எதுவும் சொல்லவில்லை.

பெட்டியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் தாடைக்கடியில் ஹெல்மெட் வார் அழுத்திய தடம் தெரிந்தது. இப்போதுதான் கழற்றியதுபோல் சிவந்திருந்தது. படியில் நின்றவர் பார்வை மெல்ல நகர்ந்து, என் கணவரின் தோளுக்கு மேலே போய் நின்றது. அப்படி வெளுத்துப்போகிற முகங்களை நான் எத்தனையோ வீடியோக்களில் பார்த்திருக்கிறேன்.

என் கணவரின் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் கிட்ட," என்றது குரல், என் காதருகே.

பிடித்திருந்த என்னையும் இழுத்துக்கொண்டு, அவர் முதல் படியில் இறங்கினார்.