சூடு ஏறாத வண்டி

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும், வினோதாவின் லோடு வண்டியில் சூட்டைக் காட்டும் முள் அடியை விட்டு அசையவில்லை. அந்தச் சின்ன வண்டியில் பக்கத்து சீட்டுக்கு அடியில்தான் இஞ்சின். கொஞ்ச தூரம் போனாலே உட்கார்ந்தவருக்குப் பின்புறம் வெந்துவிடும். அன்று அந்த சீட்டைத் தொட்டபோது சில்லென்று ஈரமாக இருந்தது. மீன் கவிச்சிக்கு நடுவே, மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல ஒரு பாசி வாடையும் மெல்ல வந்தது. ஐஸ் தண்ணீர் கசிந்திருக்கும் என்று துடைத்துவிட்டாள். மீன் வண்டியில் ஈரத்தைக் கண்டு எவள் பயப்படுவாள்?

உழவர்கரை மெக்கானிக் நெடுமாறன், சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றினான், மீட்டரையும் மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை.

"இஞ்சின்னா தொண்ணூறு டிகிரி பக்கமா நிக்கணும்க்கா. அதுக்கு மேல எகிறுனா சீஸ் ஆயி இறுகி நின்னு பூடும். இப்பிடி சூடே ஏறாம ஓடுனாலும் உள்ள தேஞ்சி பூடும்," என்றவன், ஓடிக்கொண்டிருந்த இஞ்சின்மேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "எரியுற எடம்க்கா இது. ஐஸ் மாரி இருக்குது. சூட்ட எதுவோ உறிஞ்சிக்குது. வித்துடுங்க."

"வித்துட்டு? மறுபடியும் கூடைய தலையில வெச்சிக்கவா? போய்யா!"

பொம்பளைக்கு ஸ்டியரிங் எதுக்கு என்று குப்பமே சிரித்தபோது, வீம்புக்கு வாங்கிய வண்டி அது. அதை விட்டுக்கொடுக்க அவள் என்ன இளிச்சவாயா?

தினமும் அவளோடு துறைமுகத்துக்கு வரும் மீன்காரி கன்னியம்மாள், மறுநாள் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்த வேகத்தில் கீழே குதித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சீட்டுல ஒக்காரலடி நானு. யாரு மடியிலயோ ஒக்காந்தேன்."

வினோதாவுக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை. "மடி குடுக்கறவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க, போக்கா," என்று சிரித்துவிட்டுத் தனியாகவே வண்டியை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் பகுதியில் டியூஷன் முடிந்து மகள் தீபலட்சுமி தொப்பலாக நனைந்து நின்றாள். கன்னியம்மாள் சொன்னது வினோதாவுக்கு நினைவு வந்தது, கோபமும் வந்தது. எதற்கோ பயந்து என் பிள்ளை மழையில் நிற்பதா?

"ஏறு," என்றாள்.

வைப்பர் கீச்சிட, தகரக் கூரையில் மழை கொட்ட, ஸ்டேடியம் பக்கத்து இருட்டில் வண்டி ஊர்ந்தபோது, இந்த எல்லாச் சத்தத்துக்கும் அடியில் வேறொரு சத்தம் கேட்டது. யாரோ மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம். பாசி வாடை மூக்கை அடைத்தது.

"அம்மா, எறக்கி வுடும்மா. இடுப்ப புடிச்சிக்கினு இருக்குது."

வினோதா வண்டியை ஓரங்கட்டி சாவியைத் திருகினாள். இஞ்சின் அடங்கியது. விழுங்கும் சத்தம் அடங்கவில்லை.

மகளின் கையைப் பிடித்தாள். ஐஸ். உதடு நீலம். இடுப்பில் சட்டை உள்ளே அமுங்கியிருந்தது, விரல் விரலாக. இறங்கி ஓடி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். பிள்ளையின் கண் செருகியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இஞ்சின் ஓடினால் அது இஞ்சினைக் குடிக்கும். நிறுத்தினால் பிள்ளையைக் குடிக்கும்.

ஓடி வந்து சாவியைத் திருகினாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். இஞ்சின் அலறியது. விழுங்கும் சத்தம் கீழே இறங்கியது. மகளின் விரல்களில் மெல்லச் சூடு திரும்பியது. இடுப்பில் பதிந்த பிடி மட்டும் விடவில்லை.

"குடி!" என்று கத்தினாள் வினோதா. பயத்தில் பல் கிட்டியது. அதற்கும் மேலே கத்தினாள். "எவ்ளோ வேணும்னாலும் குடி! எம்பொண்ண மட்டும் தர மாட்டேன். நீயா நானா பாத்துடலாம்!"

ஒரு கையில் மகள். ஒரு கை ஹார்னில். தெருவில் ஆளில்லை. மழை விடவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டு அவள் காலும் எழவில்லை.

சூட்டு முள் அடியிலேயே கிடந்தது. அதன் பக்கத்தில் டீசல் முள் இறங்கிக்கொண்டிருந்தது.